மூக்கு வழியாகப் பால் வருகிறதா? சளி என்று விட்டுவிடாதீர்கள்!

பிள்ளையார்பாளையத்திலிருந்து ஒரு பாட்டி வந்திருந்தார். நெசவுக் குடும்பம். கையில் 22 நாள் பேத்தி. குழந்தையின் முகத்தைப் புடவைத் தலைப்பால் மூடியே வைத்திருந்தார். விலக்கிப் பார்த்தேன். மேலுதடு இடது பக்கத்தில் மூக்கு வரை பிளந்திருந்தது.

"வைத்தியரய்யா, ஏதாச்சும் பச்சிலை வெச்சுக் கட்டினா ஒட்டிக்குமா? கிரகணத்தன்னிக்கு வேணாம் வேணாம்னேன், மருமவ கேக்காம காய் நறுக்கிட்டா..."

மருமகள் தலை குனிந்து உட்கார்ந்திருந்தார். அந்தப் பெண்ணைப் பார்க்கத்தான் எனக்கு அதிகம் பாவமாக இருந்தது.

"உதட்டை அப்புறம் பார்ப்போம் பாட்டிம்மா. குழந்தை எடை என்ன?" என்றேன். பிறந்தபோது 2.8 கிலோ. என் தராசில் 2.4 கிலோ! பிறந்த எடையை இரண்டு வாரத்துக்குள் மீட்டிருக்க வேண்டிய குழந்தை, மூன்று வாரம் கழித்தும் இளைத்துக்கொண்டே போகிறது. பிரசவம் பார்த்த இடத்தில் "சில மாசம் கழித்து ஆபரேஷன் பண்ணிக்கலாம்" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். அந்தச் சில மாதம் பால் எப்படிக் கொடுப்பது என்று யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. வெளியே தெரிவது பிளந்த உதடு. குழந்தையைக் கொல்லக் கூடியது பசி!

டார்ச் அடித்து வாய்க்குள் பார்த்தேன். மேலண்ணமும் பிளந்திருந்தது. நாம் உறிஞ்சும்போது அண்ணம்தான் வாய்க்கும் மூக்குக்கும் நடுவே கூரை மாதிரி நிற்கிறது. கூரையில் ஓட்டை இருந்தால் உறிஞ்சும் வேகமே கிடைக்காது. ஓட்டை விழுந்த ஸ்ட்ராவில் இளநீர் குடித்துப் பாருங்கள், புரியும். குழந்தை அரைமணி, முக்கால் மணி நேரம் மார்பில் வாய் வைத்திருக்கும். களைத்துத் தூங்கிவிடும். "நல்லாத்தான் குடிக்குது" என்று வீட்டில் நினைத்துக்கொள்வார்கள். குடித்தது பாதி காற்று!

இது ஏன் வருகிறது? பாட்டிக்கு அவர் தொழிலை வைத்தே சொன்னேன். பட்டுப் புடவையில் உடலையும் கரையையும் கோர்வை போட்டு நெய்கிறீர்கள் அல்லவா? கருவில் மேலுதடும் அப்படித்தான் உருவாகிறது. நெற்றிப் பக்கமிருந்து நடுத்துண்டு ஒன்று இறங்குகிறது. இரண்டு கன்னத்துப் பக்கமிருந்தும் இரண்டு துண்டுகள் வந்து அதோடு சேர்கின்றன. நடுவில் உடல், இரு பக்கமும் கரை! மூக்குக்குக் கீழே உங்கள் உதட்டில் இரண்டு மேடுகள் தெரிகின்றன பாருங்கள், அவை அந்தக் கோர்வை விழுந்த இடத்தை ஒட்டியவை. அதனால்தான் உதட்டுப் பிளவு பெரும்பாலும் நடுவில் வராமல் பக்கவாட்டில் வருகிறது. அண்ணம் வேறு மாதிரி. இரண்டு பலகைகள் நடுவில் சந்தித்து, முன்னாலிருந்து பின்னால் போய் உள்நாக்கில் முடியும்.

உதடு சேர்வது கருத்தரித்த 7 வாரத்துக்குள். அண்ணம் 12 வாரத்துக்குள். மருமகளுக்குக் கிரகணம் வந்தது ஐந்தாம் மாதத்தில்! சேர வேண்டியது சேர்ந்து, விட வேண்டியது விட்டு, எல்லாம் எப்போதோ முடிந்துபோன பிறகு கத்தரிக்காய் நறுக்கினால் என்ன ஆகும்? பாட்டி விரல் மடக்கிக் கணக்குப் பார்த்தார். "அப்போ கோர்வை முன்னாலயே விட்டுப் போச்சா?" என்றார். அவ்வளவுதான்.

உலகத்தில் ஏறக்குறைய 700 பிரசவத்துக்கு ஒரு குழந்தை இந்த மாதிரிப் பிறக்கிறது. ஒரே காரணம் என்று சொல்ல முடியாது. பரம்பரைக்குப் பங்கு உண்டு. தாய்க்குக் கர்ப்பத்துக்கு முன்பிருந்தே சர்க்கரை நோய், புகை, சில வலிப்பு மாத்திரைகள் இவற்றுக்கும் உண்டு. (வலிப்பு மாத்திரை சாப்பிடுபவர்கள் நீங்களாகவே நிறுத்திவிடாதீர்கள். கர்ப்பத்துக்குத் திட்டமிடும்போதே டாக்டரிடம் கேளுங்கள்.) அத்தை மகன், தாய்மாமன் என்று சொந்தத்திலேயே கட்டும் வீடுகளில் இந்தப் பேச்சை எடுத்தால் கோபம் வருகிறது, ஆனாலும் பிளவு ஏற்கனவே உள்ள குடும்பங்கள் யோசிக்கத்தான் வேண்டும். ஃபோலிக் அமில மாத்திரையைக் கர்ப்பம் நிற்பதற்கு முன்பே ஆரம்பிப்பது நல்லது. முதுகுத்தண்டுக் குறைபாட்டை அது தடுப்பது உறுதியாகத் தெரியும். உதட்டுப் பிளவுக்கு அந்த அளவு உறுதி சொல்ல மாட்டேன்.

மருந்து? நான் பாளையங்கோட்டையில் சித்த மருத்துவம் படித்தவன். எங்கள் மூலிகைகள் மேல் எனக்கு நிரம்ப மரியாதை உண்டு. அதனால்தான் பட்டவர்த்தனமாகச் சொல்கிறேன்: பிளவை ஒட்ட வைக்கும் பச்சிலை கிடையாது. இருக்கிறது என்று யாராவது பணம் கேட்டால் கொடுக்காதீர்கள். அண்ணம் திறந்திருக்கும் குழந்தைக்கு உரைமருந்து, தேன், சர்க்கரைத் தண்ணீர், தெருவில் கூவி விற்கும் கழுதைப்பால் எதுவும் வேண்டாம். மூக்கில் எண்ணெய் விடுவது எந்தக் குழந்தைக்குமே ஆகாது. நுரையீரலுக்குள் போய்விடும்.

வேண்டியது நம் வீட்டிலேயே இருக்கிறது: பாலாடை! தாய்ப்பாலைச் சுத்தமான கிண்ணத்தில் பீய்ச்சி எடுங்கள். பாலாடையைக் கொதி தண்ணீரில் போட்டு எடுங்கள். குழந்தையைப் படுக்க வைக்காமல், தலை நிமிர்ந்திருக்கும்படி மடியில் சாய்த்து உட்கார வையுங்கள். பிளவு இல்லாத பக்கமாக, கன்னத்து ஓரத்தில் கொஞ்சம் கொஞ்சமாக விடுங்கள். விழுங்கிய பிறகுதான் அடுத்த வாய்! நடுநடுவே தோளில் போட்டு ஏப்பம் விடச் செய்யுங்கள். காற்று நிறையப் போயிருக்கும். அரை மணிக்கு மேல் ஊட்டாதீர்கள். குடித்த பால் அந்த உழைப்பிலேயே செலவாகிவிடும். முடிந்ததும் 20 நிமிஷம் நிமிர்த்தியே வைத்திருங்கள். உதடு மட்டும் பிளந்து அண்ணம் நன்றாக இருந்தால், பெரும்பாலும் நேராகவே தாய்ப்பால் குடிக்கும். வாரம் ஒருமுறை எடை பாருங்கள். 150 கிராமாவது ஏற வேண்டும். உதடு நீலம் பாய்ந்தாலோ, மூச்சு வேகமாக வாங்கினாலோ, பால் குடிக்க மறுத்தாலோ தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

எடைக்கு ஏன் இத்தனை அவசரம்? 10 வார வயது, 10 பவுண்ட் (4.5 கிலோ) எடை, 10 கிராம் ஹீமோகுளோபின். உதட்டு ஆபரேஷனுக்கு மயக்கம் கொடுக்க டாக்டர்கள் வைத்திருக்கும் பழைய கணக்கு இது. எடை ஏறாவிட்டால் தேதி தள்ளிக்கொண்டே போகும்.

இனி என் தவறு ஒன்றைச் சொல்ல வேண்டும். தொழில் தொடங்கிய புதிதில் நாலு மாதப் பையன் ஒருவனைக் கொண்டு வந்தார்கள். பால் குடித்தால் மூக்கில் வருகிறது, காதில் சீழ், எப்போதும் சளி. ஆடாதோடைக் குடிநீர் கொடுத்தேன். இரண்டு மாதம் கொடுத்தேன். வாயைத் திறந்து விளக்கடித்துப் பார்க்கவே இல்லை. உதடு முழுசாக, அழகாக இருந்தது, ஏமாந்துவிட்டேன். அண்ணத்தின் பின்பாதி பிளந்திருந்தது. அதை வேறொருவர் கண்டுபிடித்து ஆபரேஷன் ஆனபோது அவனுக்கு ஆறு வயது. ஒன்று, ஒன்றரை வயதுக்குள் நடந்திருக்க வேண்டியது!

பேச்சு பழகுவதற்கு முன்பே அண்ணத்தை மூட வேண்டும். ப, ட, த, க சொல்ல வாய்க்குள் காற்று தேங்க வேண்டும். ஓட்டை இருந்தால் காற்று மூக்கில் போய்விடும். 'அம்மா' சரியாக வரும். 'அப்பா' என்று சொல்ல நினைத்தாலும் 'அம்மா' மாதிரிதான் வரும். எழுத்துகள் பிறக்க அண்ணமும் மூக்கும் வேண்டும் என்று தொல்காப்பியத்திலேயே பிறப்பியலில் இருக்கிறது. அந்தப் பையன் இன்று ஒரு ஜவுளிக்கடையில் கணக்கு எழுதுகிறான். வாடிக்கையாளரிடம் பேசும் வேலை கொடுத்தார்களாம், வேண்டாம் என்றுவிட்டான்.

ஆகவே வீட்டில் குழந்தை பிறந்தால், முதல் நாளே டாக்டரிடமோ நர்ஸிடமோ, "அண்ணத்தை உள்நாக்கு வரைக்கும் பார்த்தீங்களா?" என்று கேளுங்கள். உள்நாக்கு இரண்டாகப் பிரிந்திருந்தாலும், மேலே மூடியிருக்கும் தோலுக்குக் கீழே சதை சேராமல் இருக்கலாம். அதையும் காட்ட வேண்டும்.

செலவைக் கண்டு ஒதுங்க வேண்டாம். குழந்தைகளைப் பரிசோதிக்கும் ராஷ்ட்ரீய பால ஸ்வாஸ்திய கார்யக்ரம் 2013இல் தொடங்கியது. இந்தப் பிளவுகள் அதில் சேர்ந்திருக்கின்றன. 1999இல் தொடங்கிய ஸ்மைல் டிரெய்ன் அமைப்பு, தன்னோடு இணைந்த மருத்துவமனைகளில் இலவசமாகவே ஆபரேஷன் செய்ய உதவுகிறது. 2009இல் ஆஸ்கர் வாங்கிய 'ஸ்மைல் பிங்கி' படத்தில் வரும் உத்தரப்பிரதேசச் சிறுமிக்கு அப்படித்தான் உதடு சரியானது. நமக்குப் பக்கத்திலேயே போரூர் ஸ்ரீ ராமச்சந்திராவில் ஆபரேஷன், பல், பேச்சு எல்லாம் சேர்த்துப் பார்க்கிறார்கள்.

உதடு சேர்ந்ததும் முகம் அழகாகிவிடும். "போதும்" என்று பல வீடுகளில் நின்றுவிடுகிறார்கள். நிற்காதீர்கள்! அண்ணம், காது, பேச்சுப் பயிற்சி என்று வரிசையாக இருக்கிறது. ஈறு பிளந்த இடத்தில் ஒரு பல் முளைக்காமலே போகலாம், கூடுதலாகவும் முளைக்கலாம். கோரைப்பல் இறங்குவதற்கு முன், 8 முதல் 11 வயதுக்குள் அங்கே எலும்பு வைக்க வேண்டியிருக்கும்.

பாட்டியின் பேத்திக்கு எடை ஏற ஆறு வாரம் ஆயிற்று. நாலாவது மாதம் உதடு, ஒரு வயதில் அண்ணம். போரூருக்குப் போகும்போது பாட்டி மறக்காமல் எடுத்துப் போனது வாராவாரம் எடை எழுதிய அட்டையை. நீங்களும் எடுத்துப் போங்கள். டாக்டர் முதலில் கேட்பது அதைத்தான்.