விசைப்படகும் மசகு எண்ணெயும்

கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில், அலையோசை எட்டாத தொலைவில் அமைந்த நகரம் பெங்களூரு. ஆயினும், மீன்பிடித் துறைமுகங்களுக்கான ஆய்வுகளை நடத்தித் திட்ட அறிக்கைகளை உருவாக்கும் மத்திய அரசு நிறுவனம் இந்நகரில்தான் இயங்கி வருகிறது. துறைமுக முதலீட்டுக்கு முந்தைய ஆய்வுத் திட்டமாக, ஐக்கிய நாடுகள் அமைப்புகளின் உதவியுடன் 1968-இல் தொடங்கிய இது, 1983-இல் மீன்வளத்துக்கான மத்திய கடலோரப் பொறியியல் நிறுவனம் என்று பெயர் பெற்றது.

அலைதடுப்புச் சுவர், படகுத்துறை, ஏலக்கூடம் ஆகியவை பொது முதலீடு. அவற்றின் பயன், படகுகள் நாள்தோறும் கடலுக்குச் சென்று திரும்புவதைப் பொறுத்தது. படகின் ஓட்டம் இயந்திரத்தைப் பொறுத்தது. இயந்திரத்தின் ஆயுளோ மசகு எண்ணெயைப் பெரிதும் பொறுத்தது. கோடிக் கணக்கில் மதிப்பிடப்படும் துறைமுகத்தின் பயன் சில லிட்டர் எண்ணெயோடு இவ்வாறு பிணைந்திருப்பதை வளர்ச்சித் திட்டங்களைப் பயில்வோர் கருத்தில் கொள்ளுதல் வேண்டும்.

கடனில் வந்த இயந்திரம்

1952-ஆம் ஆண்டு ஒப்பந்தத்தின்படி உருவான இந்திய-நார்வே திட்டம், கொல்லத்தை அடுத்த நீண்டகரைப் பகுதியில் இயந்திரப் படகுகளை அறிமுகம் செய்தது. பின்னர் தமிழகக் கரையிலும் விசைப்படகுகள் பெருகின. கட்டுமரத்தில் மீனவரின் மூலதனம் மரமும் வலையுமே. விசைப்படகிலோ மூலதனத்தின் பெரும்பகுதி இயந்திரத்தில் முடங்குகிறது. பெரும்பாலும் அது கடன் வாங்கிப் போட்ட முதல். நடுக்கடலில் இயந்திரம் இறுகி நின்றுவிட்டால், அன்றைய வருவாய் போகிறது. பழுதுச் செலவு சேருகிறது. கடன் தவணை மட்டும் நிற்பதில்லை. சாலையில் நின்ற லாரியை ஓரங்கட்டலாம். கடலில் நின்ற படகைக் காற்றும் நீரோட்டமும் இழுத்துச் செல்லும்.

அளவு பார்க்கும் முறை

மசகு எண்ணெய் உராய்வைக் குறைக்கிறது, பேரிங்குகளின் வெப்பத்தை ஏற்றுச் செல்கிறது, புகைக்கரியைத் தன்னுள் தாங்கி வைக்கிறது, துருவைத் தடுக்கிறது. காலையில் இயந்திரத்தைக் கிளப்பும் முன்னரே அதன் அளவைப் பார்ப்பது நன்று. அப்போதுதான் எண்ணெய் முழுவதும் அடித்தொட்டியில் இறங்கியிருக்கும். ஓடிய இயந்திரமாயின், நிறுத்திப் பத்து நிமிடமேனும் காத்திருத்தல் வேண்டும்.

படகு சமநிலையில் மிதக்க வேண்டும். கரையில் சாய்ந்து கிடக்கும் படகில் எடுக்கும் அளவு பொய்யாகும். டிப்ஸ்டிக் என வழங்கும் அளவுக் கம்பியை உருவி, நூல் பிரியாத துணியால் துடைத்து, மீண்டும் முழுவதும் செருகி எடுத்துப் பார்க்க வேண்டும். எண்ணெய் மேல், கீழ் என்னும் இரு குறிகளுக்கிடையே நிற்பின் போதுமானது.

அளவைப் போலவே நிறமும் மணமும் செய்தி கூறும். டீசல் இயந்திரத்தில் எண்ணெய் கருப்பது இயல்பு. மோர் போல வெளுத்தால் நீர் கலந்திருக்கிறது. காஸ்கெட்டையும் ஆயில் கூலரையும் சோதிக்க வேண்டும். ஊற்றாமலே அளவு உயர்ந்து, டீசல் நாற்றம் வீசினால், எரிபொருள் கசிந்து எண்ணெயை நீர்க்கச் செய்கிறது. இவ்விரு நிலையிலும் இயந்திரத்தைக் கிளப்புதல் கூடாது.

அளவு குறைந்திருப்பின், கையேடு குறிப்பிடும் தரத்து எண்ணெயைச் சிறிது சிறிதாக ஊற்றி, சில நிமிடம் பொறுத்து மீண்டும் பார்க்க வேண்டும். மேற்குறியைத் தாண்டினால், கிராங்க் ஷாப்ட் எண்ணெயைக் கடைந்து நுரைக்கச் செய்யும்; காற்று கலந்த எண்ணெய் தக்க அழுத்தம் தராது. ஆகவே மிகுதியும் குறைவைப் போலவே கேடு. மூடியை இறுக்கி இயந்திரத்தைக் கிளப்பியதும் அழுத்தமானியைப் பார்க்க வேண்டும். முள் உயராவிடின் உடனே நிறுத்த வேண்டும். கியர் பெட்டியின் எண்ணெய் தனி. அதற்குத் தனிச் சோதனை உண்டு.

எண்ணெய் மாற்றுதலை மாதக் கணக்கில் வைத்தல் தவறு. கையேடு 200 மணி நேரம் எனக் கூறுமாயின், நாளொன்றுக்குப் பத்து மணி நேரம் ஓடும் படகுக்கு அது இருபது நாளில் நிறைவுறும். எனவே ஓடிய நேரத்தைக் குறிப்பேட்டில் எழுதி வருதல் இன்றியமையாதது.

பொறுப்பு யாருடையது?

இத்துணை எளிய பணி ஏன் தவறுகிறது? பங்கு முறையில் இதற்கு ஒரு விடை உண்டு. பல துறைகளில் டீசல், பனிக்கட்டி போன்ற ஓட்டச் செலவைக் கழித்த பின்னரே வருவாய் பங்கிடப்படுகிறது; இயந்திரப் பழுதோ உரிமையாளரைச் சேர்கிறது. உரிமையாளர் கரையில் இருக்கிறார். கம்பியை உருவிப் பார்க்க வேண்டியவர் படகில் இருக்கிறார். இழப்பைத் தாங்குபவரும் அதைத் தடுக்கக் கூடியவரும் வேறுவேறாக இருக்கும்போது பராமரிப்பு தளர்கிறது. இப்பணியை ஒருவரிடம் பெயர் சொல்லி ஒப்படைத்து, குறிப்பேட்டில் அவர் கையொப்பம் பெறுவது செலவில்லாத தீர்வு. 1963-இல் கொச்சியில் தொடங்கிய மத்திய மீன்வளப் பயிற்சி நிறுவனம் இயந்திர இயக்குநர்களைப் பயிற்றுவித்து வருகிறது. ஆனால் பயிற்சியின் பயனைக் காப்பது நாள்தோறும் செய்யும் பழக்கமே.

துறைமுகத்தின் கடமை

வடித்த பழைய எண்ணெயைத் துறைமுக நீரில் கொட்டுவது மீன் இறங்கும் இடத்தையே கெடுப்பதாகும். பயன்படுத்திய எண்ணெயை உரிமம் பெற்ற மறுசுத்திகரிப்பாளரிடம் சேர்க்க வேண்டும் என்பது 2016-ஆம் ஆண்டின் அபாயகரக் கழிவு விதிகளின் நோக்கம். படகுத்துறையில் ஒரு சேகரிப்புத் தொட்டி இல்லையேல், விதியை மீனவர் எங்ஙனம் கடைப்பிடிப்பார்? அமைதியான நீரில் படகை நிறுத்த இடமும், பழைய எண்ணெய்க்கு ஒரு தொட்டியும் துறைமுகத் திட்டத்தின் இன்றியமையாக் கூறுகள்.

மூலதனத்தைத் திரட்டுவது வளர்ச்சியின் முதற்படி. திரட்டியதைத் தேயாமல் காப்பது அடுத்த படி. அதற்கு விசைப்படகில் நாளொன்றுக்குத் தேவைப்படுவது ஐந்து நிமிடமும் ஒரு துண்டுத் துணியுமே.