உயரத்தில் இறங்கும் நீர்

கடல் மட்டத்திலிருந்து சுமார் 3,500 மீட்டர் உயரத்திலுள்ள லே நகரில் விமானத்தை விட்டு இறங்கிய யாத்ரிகர், அன்றிரவே நாலைந்து முறை சிறுநீர் கழிக்க எழுந்திருக்க நேர்ந்தால், சரீரத்திலுள்ள ஜலமெல்லாம் வற்றிவிடப் போகிறதே என்று அஞ்சிச் செம்பு செம்பாக வெந்நீர் குடிக்கத் தொடங்குவார். குளிருக்கும் இதில் ஓரளவு பங்குண்டு. ஆயினும் பிரதான காரணம் வேறு.

மலைக்காற்றில் பிராணவாயுவின் விகிதம் குறைவு என்பதும் பிழையான எண்ணமே. அங்கும் அது நூற்றுக்கு 21 பங்குதான். குறைவது காற்றின் அழுத்தம். லேயில் அது கடற்கரையில் உள்ளதில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு. கழுத்து நாடிகள் கிளை பிரியுமிடத்தில் அரிசி மணியளவே உள்ள ஓர் உறுப்பு, ரத்தத்தில் பிராணவாயு குன்றியதை உடனே உணர்ந்து சுவாசத்தைத் துரிதப்படுத்த, அதனால் கரியமில வாயு மிகுதியாக வெளியேறி ரத்தத்தில் காரத்தன்மை ஏற, அதைச் சமன்செய்யும் பொருட்டுச் சிறுநீரகங்கள் பைகார்பனேட் உப்பையும் அதனோடு ஜலத்தையும் வெளியே தள்ளுகின்றன. உப்பைப் பிடித்து வைக்கும் ஆல்டோஸ்டிரோன் என்ற ஹார்மோனும் அப்போது தணிந்துவிடுகிறது. ஆக, யாத்ரிகர் நோயென்று அஞ்சியது உயரத்துக்கு இணங்கும் சரீரத்தின் காரியமே.

மலைக்குப் போன இரண்டே நாளில் புது ரத்தம் ஊறிவிட்டதாகப் பெருமைப்படுவோரும் உண்டு. சிறுநீரகம் எரித்ரோபாய்ட்டின் என்னும் ஹார்மோனைச் சில மணி நேரத்திலேயே அதிகமாகச் சுரக்கிறது என்பது மெய். ஆனால் அதன் ஏவலால் சிவப்பணுக்கள் கணிசமாகப் பெருக வாரங்கள் ஆகும். கஞ்சி சுண்டினால் பருக்கை அதிகமாகத் தெரிவதுபோல, ரத்தத்தின் நீர்ப்பகுதி சுருங்கியதால் அணுக்கள் மிகுந்தனவாகத் தோன்றுகின்றன, அவ்வளவே.

உண்மையில் கவலைப்பட வேண்டியவர், மலையேறிய பின் நீர் சரியாக இறங்காமல், தலைவலியும் குமட்டலுமாக, முகம் வீங்கிக் கிடப்பவரே. 1962-ஆம் ஆண்டுப் போரையொட்டி இமயமலைக்கு அவசரமாக ஏற்றப்பட்ட இந்தியச் சிப்பாய்கள் பலர் இவ்வாறு நோயுற்றனர். 1,925 சிப்பாய்களை ஆராய்ந்து டாக்டர் இந்தர் சிங்கும் சகாக்களும் 1969-இல் வெளியிட்ட கட்டுரை, நோயுற்றவர்களுக்குச் சிறுநீர் குறைந்ததையும், குணமடைகையில் அது பெருகியதையும் பதிவுசெய்தது. அப்படியானால் நீர் பிரியும் மருந்தைக் கொடுத்து நோயை விரட்டலாமே என்ற யோசனையும் எழுந்தது. ஆனால், பலவந்தமாக நீரை இறக்குவது வறட்சியையும் மயக்கத்தையும் வரவழைக்கக்கூடும்.

அளவுமீறிக் குடிப்பதும் உதவாது. தாகத்துக்குக் குடிப்பது அவசியம். ஆனால் குடம் குடமாய்க் குடித்தால் ரத்தத்தில் சோடியம் நீர்த்துப்போய், மலைநோயைப் போலவே தலைவலியும் வாந்தியும் வரும். இது எது, அது எது என்று வைத்தியரே திகைப்பார். கற்பூரத்தை முகர்ந்தால் பிராணவாயு கூடும் என்பதற்கோ ஆதாரமே இல்லை. மணம் உண்டு, வேறொன்றும் இல்லை.

வைத்தியர்கள் முன்கூட்டியே கொடுக்கும் அசிட்டசோலமைடு மாத்திரை, சிறுநீரகத்தின் மேற்சொன்ன வேலையைத்தான் துரிதப்படுத்துகிறது. ஆகையால் அதை உண்டவர் இரவில் இன்னும் ஒரு முறை கூடுதலாக எழுந்திருக்க வேண்டியிருந்தால், அதற்காக மாத்திரையை நிறுத்த வேண்டியதில்லை.