எழுவாயைத் தேடும் பாடம்

மயிலாப்பூரில் ஒன்பதாம் வகுப்புக்குத் தமிழ் எடுக்கிறேன். தன்வினை, பிறவினையை ‘பானை உடைந்தது’, ‘பானையை உடைத்தான்’ என்று சொல்லி முடித்துவிடலாம். மதிப்பெண்ணுக்கு அது போதும். நான் சில ஆண்டுகளாகக் கரும்பலகையில் எழுதுவது வேறு வாக்கியம்: ‘நம் பழைய சுவடிகள் அழிந்தன.’ எதனால் என்று கேட்டால், முதலில் வரும் பதில் ‘வெள்ளைக்காரன், சார்.’ அடுத்தது, ‘மேல்நாட்டு நாகரிகம்.’ ஆசிரியர் அறையிலும் இதே பதில்தான் புழங்குகிறது. பிள்ளைகள் நம்மிடமிருந்தே கற்றிருக்கலாம்.

பிறகு உ.வே.சாமிநாதையர் ‘என் சரித்திர’த்தில் எழுதியிருக்கும் கரிவலம்வந்தநல்லூர் நிகழ்ச்சியைச் சொல்வேன். கோயிலில் ஏடுகள் இருப்பதாகக் கேள்விப்பட்டுத் தேடிப் போகிறார். பழைய ஏடுகளைக் கண்ட இடத்தில் போடக்கூடாது, நெய்யில் தோய்த்து நெருப்பில் இட வேண்டும் என்பது விதியாம், அப்படியே செய்துவிட்டார்களாம். அங்கே அந்நியர் யாரும் இல்லை. கெட்ட எண்ணமும் இல்லை, பக்தியோடு செய்திருக்கிறார்கள். வகுப்பு இந்த இடத்தில் அமைதியாகிவிடும். ‘அழிந்தன’ என்பதை அழித்துவிட்டு ‘அழித்தோம்’ என்று எழுத ஒரு மாணவரை அழைப்பேன்.

1880-இல் கும்பகோணம் கல்லூரியில் சேர்ந்த உ.வே.சா.விடம், முன்சீப் சேலம் இராமசாமி முதலியார் சீவக சிந்தாமணியைப் படித்ததுண்டா என்று கேட்டார். மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் ஆண்டுக்கணக்கில் பயின்றவர், அதைப் பாடம் கேட்டதில்லை. அந்தாதிகளும் தலபுராணங்களும் நிறைந்த அன்றைய பாட மரபில் சமணக் காப்பியத்துக்கு இடமில்லை. ஆங்கிலம் அதைப் பூட்டிவைக்கவில்லை. கேட்ட முதலியாரே ஆங்கிலம் படித்தவர்! 1887-இல் சிந்தாமணியும் 1894-இல் புறநானூறும் உ.வே.சா.வின் பதிப்பாக அச்சேறின.

‘அப்போ வெள்ளைக்காரன் மேல தப்பே இல்லையா, சார்?’ என்று யாராவது கேட்பார்கள். கேட்க வேண்டும். அரசு வேலைக்கு ஆங்கிலக் கல்வி வேண்டும் என்றானபின் ஏடு படிப்பது சோறு போடவில்லை. அதையும் கணக்கில் எழுதச் சொல்வேன். காலின் மெக்கன்சி திரட்டிய சுவடிகள் நம் அரசினர் கீழ்த்திசைச் சுவடிகள் நூலகத்தில் இருப்பதையும்தான்.

அடுத்து செயப்பாட்டுவினை. ‘உ.வே.சா. வாழ்ந்த திருவல்லிக்கேணி வீடு 2012-இல் இடிக்கப்பட்டது.’ இடித்தது யார்? உரிமையாளர், வாங்கிக் காக்காத அரசு என்று பட்டியல் போகும். ஒரு மாணவி சொன்னாள்: ‘எங்க தாத்தா அந்தப் பக்கமாத்தான் தினம் போவார், சார். அது யார் வீடுன்னு அவருக்குத் தெரியாது.’

இதன்பின் சொந்த வாக்கியங்கள். ‘நோட்டு தொலைந்துவிட்டது’, ‘நேரம் போய்விட்டது’, ‘செல்பேசி கெடுத்துவிட்டது’ போன்றவற்றை ‘நான்’ என்று தொடங்கித் திருத்தி எழுத வேண்டும். இங்கே ஆசிரியருக்குக் கவனம் தேவை. ‘வீட்டில் விளக்கு இல்லை, படிக்க முடியவில்லை’ என்று எழுதும் பிள்ளையிடம் எழுவாயை மாற்றச் சொல்லக் கூடாது. அந்தச் சுமை அதனுடையதன்று. அப்படிப்பட்ட தாள்களை வகுப்பில் படிக்காமல் தனியே எடுத்துவைத்துவிடுவேன்.

வாய்ப்பிருந்தால் பெசன்ட் நகரிலுள்ள உ.வே.சா. நூல் நிலையத்துக்கு மாணவர்களை அழைத்துச் செல்லுங்கள். முன்கூட்டியே அனுமதி கேட்க வேண்டும். அந்தக் கடிதத்தை மாணவர்களே எழுதட்டும்.