நடுநிலைப் பள்ளியில் தொழில்நுட்பப் பாடம்: ஆட்டம், காட்சி, பதிவு

பள்ளிக்குள் புதிய கருவிகள் நுழைவது நம் நாட்டிற்குப் புதிதன்று. 1975 ஆகஸ்டு முதல் நாள் தொடங்கி ஓராண்டுக் காலம் நடைபெற்ற செயற்கைக்கோள் வழித் தொலைக்காட்சிக் கல்விச் சோதனை, ஆந்திரப் பிரதேசம் உள்ளிட்ட ஆறு மாநிலங்களில் 2,400 கிராமங்களை எட்டிற்று. அதில் காலை நேரம் பள்ளிச் சிறுவர்க்கென ஒதுக்கப்பட்டது. 1984-ஆம் ஆண்டில் தொடங்கிய பள்ளிக் கணிப்பொறி அறிவுத் திட்டம், 'பி.பி.சி. மைக்ரோ' கணிப்பொறிகளை வகுப்பறைக்குக் கொண்டு வந்தது. 2004 செப்டம்பர் 20 அன்று கல்விக்கென்றே உருவாக்கப்பட்ட 'எஜுசாட்' செயற்கைக்கோள் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவப்பட்டது. 2022-இல் திருப்பதி மாவட்டம் அமைக்கப்பட்டபோது ஸ்ரீஹரிகோட்டாவும் அதனுடன் சேர்க்கப்பட்டது. அதே ஆண்டு டிசம்பரில் ஆந்திர அரசுப் பள்ளிகளின் எட்டாம் வகுப்பு மாணவருக்கும் ஆசிரியருக்குமாக 5 லட்சத்திற்கும் மேற்பட்ட கைக்கணினிகள், பாடக் காணொளிகள் ஏற்றப்பட்டு வழங்கப்பட்டன.

இவ்வாறு கருவிகள் அவ்வப்போது மாறி வந்துள்ளன. ஆயினும் ஒரு கேள்வி மட்டும் மாறவில்லை. கருவியின் முன் அமரும் சிறுவன் பார்ப்பவனாக இருக்கிறானா, செய்பவனாக இருக்கிறானா என்பதே அது. ஆறு முதல் எட்டு வரையிலான வகுப்புகளில் நிரலாக்கம் சார்ந்த செயல்பாடுகள் இடம்பெற வேண்டும் என்று 2020-ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை கூறுகிறது. அதை நிறைவேற்றும் வழிகளாக ஆட்டம், காணொளி, வலைப்பதிவு ஆகிய மூன்றையும் சித்தூர், திருப்பதிப் பகுதியின் சூழலில் வைத்து இக்கட்டுரை ஆராய்கிறது.

மதனப்பள்ளி தந்த பாடம்

2022 வரை சித்தூர் மாவட்டத்தில் இருந்த மதனப்பள்ளிக்கு அருகில் ரிஷி பள்ளத்தாக்கு உள்ளது. அங்குள்ள கல்வி வள நிறுவனம், ஓராசிரியர் கிராமப் பள்ளிகளுக்காக ஒரு முறையை வகுத்தது. பாடநூல் சிறு சிறு அட்டைகளாகப் பிரிக்கப்பட்டது. ஒவ்வோர் அட்டைக்கும் ஒரு சின்னம் உண்டு. சுவரிலுள்ள 'கற்றல் ஏணி'யில் தன் இடத்தைக் கண்டு, அதற்குரிய அட்டையைத் தானே எடுத்துக் கற்பது குழந்தையின் பொறுப்பு. அறிமுகம், பயிற்சி, மதிப்பீடு, குறைதீர் கற்றல், வளமூட்டல் எனப் படிகள் அமைகின்றன. ஒரு படியைக் கடந்த பின்னரே அடுத்த படிக்குச் செல்லலாம்.

இந்த முறையைக் கண்டறிந்த சென்னை மாநகராட்சி, 2003-ஆம் ஆண்டில் தன் பள்ளிகளில் 'செயல்வழிக் கற்றல்' என்ற பெயரில் அதனைத் தொடங்கிற்று. 2007-இல் அது தமிழகத் தொடக்கப் பள்ளிகள் அனைத்திற்கும் விரிந்தது. நடுநிலை வகுப்புகளுக்கெனப் 'படைப்பாற்றல் கல்வி' வகுக்கப்பட்டது. இந்த அட்டை முறைக்கு மின்சாரம் தேவைப்படவில்லை. எனினும், நல்ல ஆட்டம் ஒன்றின் இலக்கணம் முழுவதும் அதில் அடங்கியிருந்தது. தெளிவான விதி, படிப்படியான கடினம், தவறினால் மீண்டும் முயலும் உரிமை, பிறரோடு ஒப்பிடாமல் தன் முன்னேற்றத்தைத் தானே காணும் வாய்ப்பு ஆகியனவே அவை. கணிப்பொறி விளையாட்டுகளை வகுப்பில் பயன்படுத்த விரும்பும் ஆசிரியர் முதலில் கவனிக்க வேண்டியவையும் இவையே.

ஆட்டத்திலிருந்து நிரலுக்கு

பிறர் எழுதிய விளையாட்டை ஆடுவது ஒரு பயன்; தான் அறிந்த ஆட்டத்திற்கு நிரல் எழுதுவது அதனினும் பெரும் பயன். பல்லாங்குழியை எடுத்துக்கொள்வோம். தெலுங்கில் அதனை 'வாமன குண்டலு' என்பர். பதினான்கு குழிகள், குழிக்கு ஐந்து முத்துகள் என வைத்துக்கொண்டால் மொத்தம் 70. ஒரு குழியின் முத்துகளை எடுத்து அடுத்தடுத்த குழிகளில் ஒவ்வொன்றாக இட வேண்டும். கை காலியானதும் அடுத்த குழியின் முத்துகளை எடுத்துத் தொடர வேண்டும். அடுத்த குழி வெறுமையாக இருந்தால், அதற்கும் அடுத்த குழியில் உள்ளவை ஆடுபவருக்குச் சேரும்.

இவ்விதிகளை மாணவர் தம் சொற்களில் எழுதும்போதே நிரலாக்கத்தின் அடிப்படைகள் வெளிப்படுகின்றன. 'கையில் முத்து உள்ளவரை இடு' என்பது மீள்செயல். 'அடுத்த குழி வெறுமையானால்' என்பது நிபந்தனை. பதினான்காம் குழிக்குப் பின் மீண்டும் முதற்குழிக்கு வருவது வரிசை எண்ணைக் கையாளும் பயிற்சி. இவற்றை முதலில் தரையில் ஆடி, பிறகு தாளில் எழுதி, இறுதியில் 'ஸ்கிராட்ச்' போன்ற கட்ட நிரல்மொழியில் அமைக்கலாம். 2007-இல் வெளியான அம்மொழி கட்டணமின்றிக் கிடைக்கிறது. ஒருமுறை நிறுவினால் இணையமின்றியும் இயங்கும்.

பிழை காணும் வழியும் ஆட்டத்திலேயே உள்ளது. குழிகளில் உள்ளவற்றையும் இருவரும் வென்றவற்றையும் கூட்டினால் எப்போதும் 70 வர வேண்டும். வேறு எண் வந்தால் நிரலில் எங்கோ தவறு நேர்ந்துள்ளது என்பது உறுதி. விடையை ஆசிரியர் சொல்லும்வரை காத்திராமல் மாணவரே சோதித்தறியும் இப்பழக்கம் பொறியியலின் முதற்பாடம் எனலாம். குழியில் நான்கு முத்து சேர்ந்தால் 'பசு' என எடுத்துக்கொள்ளும் விதி சில ஊர்களில் உண்டு. அதைச் சேர்க்க நிரலின் எப்பகுதியை மாற்ற வேண்டும் என்று கேட்பது அடுத்த வகுப்பிற்குரிய வினா.

பணம் வைத்து ஆடும் இணைய ஆட்டங்களை 2025-ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்துள்ளது. அவை எவ்வாறு மனத்தைப் பிணிக்கின்றன என்பதையும் விதிகளை ஆராயும் இவ்வகுப்பிலேயே மாணவருக்கு விளக்கலாம்.

காணொளி: பார்த்தலும் படைத்தலும்

அரைமணிக் காணொளியை இடைநிறுத்தாமல் காட்டுவது பாடமாகாது. சில நிமிடங்களுக்கு ஒருமுறை நிறுத்தி, 'அடுத்து என்ன நிகழும்?' என்று கேட்டு, விடைகளைக் கரும்பலகையில் எழுதிய பின் தொடர்ந்து காட்டுவதே முறை. திரையின் அருகில் ஆசிரியர் இருக்க வேண்டியதன் காரணமும் இதுவே.

இதற்கு அடுத்த நிலை, மாணவரே காணொளி எடுப்பது. திருப்பதிக்கு அருகிலுள்ள ஸ்ரீகாளஹஸ்தியின் கலம்காரித் துணி இதற்கு ஏற்ற பொருள். கடுக்காயும் பாலும் கலந்த நீரில் துணியை நனைத்து உலர்த்துகின்றனர். வெல்லமும் துருப்பிடித்த இரும்பும் ஊறிய கரைசலால் கறுப்புக் கோடுகள் வரைகின்றனர். சிவப்பு ஏற வேண்டிய இடங்களில் படிகாரம் பூசுகின்றனர். பின்னர் துவைத்தலும் சாயத்தில் கொதிக்க வைத்தலும் நிகழ்கின்றன. படிகளின் வரிசை மாறினால் வண்ணம் பிடிக்காது. இதை மூன்று நிமிடப் படமாக்கும் குழு, எக்காட்சி முன், எக்காட்சி பின் எனக் கட்டம் கட்டமாக வரைந்து திட்டமிட்டாக வேண்டும். கடுக்காய் ஏன், இரும்பு ஏன் என்று கேட்டு வேதியியலையும் அறிய வேண்டும். ஐவர் கொண்ட குழுவிற்கு ஒரு கைக்கணினி போதும்.

பதிவும் பொறுப்பும்

நம் பள்ளிகளில் கையெழுத்துப் பத்திரிகை நடத்தும் மரபு நெடுங்காலமாக உண்டு. வலைப்பதிவை அதன் தொடர்ச்சியாகவே கருதலாம். கேரளத்தில் பள்ளிகள் தம் வரலாற்றையும் ஊர்ச் செய்திகளையும் தாய்மொழியில் தொகுத்து எழுதும் 'ஸ்கூல் விக்கி' இதற்குச் சிறந்த முன்மாதிரி.

எழுத எதைக் கொடுப்பது? பள்ளி வளாகத்தில் ஒரு மழைமானி வைத்து, வடகிழக்குப் பருவ மாதங்களில் நாள்தோறும் அளவைக் குறித்துப் பதிவிடச் செய்யலாம். 2021 நவம்பரில் திருப்பதியைப் பெருவெள்ளம் சூழ்ந்ததை மாணவர் பலர் கேட்டறிந்திருப்பர். பெரியோரிடம் கேட்டு எழுதும் நினைவுக்கும் தம் மழைமானி காட்டும் அளவுக்கும் உள்ள வேறுபாட்டை அப்போது உணர்வர். நாள் குறித்தல், அளந்ததையும் கேட்டதையும் பிரித்துரைத்தல், தவறு நேர்ந்தால் மறைக்காது திருத்தத்தை வெளியிடுதல் ஆகிய மூன்றும் கட்டாய விதிகளாக இருத்தல் வேண்டும்.

பாதுகாப்பும் இன்றியமையாதது. 2023-ஆம் ஆண்டின் எண்ம வடிவத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 18 வயதுக்குட்பட்டோரின் தரவுகளைக் கையாளப் பெற்றோரின் சரிபார்க்கத்தக்க இசைவு வேண்டும் என்கிறது. எனவே மாணவரின் முழுப்பெயர், முகம், முகவரி ஆகியவை பதிவில் இடம்பெறலாகாது. ஆசிரியர் படித்துப் பார்த்த பின்னரே எதுவும் வெளியாக வேண்டும். வெளியிட வழியில்லாத பள்ளி, அதே பதிவைச் சுவரில் ஒட்டினாலும் கற்றல் குறைவதில்லை.

எவர் பின்தங்குகிறார்?

2023-ஆம் ஆண்டு 'அசர்' அறிக்கை, 14 முதல் 18 வயது வரையிலான ஊரகப் பிள்ளைகளை ஆய்ந்தது. திறன்பேசியைப் பயன்படுத்தத் தெரிந்தோரில், சொந்தமாக அதை வைத்திருப்போர் ஆண்களில் 43.7 விழுக்காடு, பெண்களில் 19.8 விழுக்காடே. வீட்டில் கருவியைத் தொடும் வாய்ப்புக் குறைந்த சிறுமிக்குப் பள்ளியும் அதை மறுத்தால், அவள் பார்வையாளராகவே நின்றுவிடுவாள். ஆதலின் குழுவில் விசைப்பலகையும் ஒளிப்படக் கருவியும் ஒருவர் கையிலேயே தங்காமல் முறைவைத்து மாற வேண்டும்.

மொழியும் ஒரு தடை. சித்தூர் மாவட்ட எல்லை ஊர்களில் வீட்டில் தமிழும் வெளியே தெலுங்கும் பேசும் பிள்ளைகள் பலர். பிறமொழிக் காணொளி அவர்களுக்கு வெறும் ஒலியாகிவிடலாம். தம் மொழியில் எழுதவும் விளக்கவும் இடமளிக்கும் பதிவும் படமும் அக்குறையைப் பெரிதும் போக்கும்.

செய்ய வேண்டுவன

வழங்கிய கருவிகளின் எண்ணிக்கையை மட்டும் கணக்கிடுவதை அலுவலர்கள் கைவிட வேண்டும். ஒரு பருவத்தில் ஒவ்வொரு மாணவரும் இயங்கும் நிரல் ஒன்றும், குழுவாக எடுத்த படம் ஒன்றும், திருத்தம் கண்ட பதிவு ஒன்றும் முடித்தனரா என்று வினவுதல் நன்று. பழுதான கருவியைச் செப்பனிடவும் ஆசிரியருக்குப் பயிற்சி அளிக்கவும், கருவி வாங்கும்போதே நிதி ஒதுக்குதல் வேண்டும்.

கற்றல் ஏணியை உருவாக்கியோரிடம் இருந்தவை அட்டையும் கத்தரிக்கோலுமே. அவர்கள் குழந்தையின் கையில் வேலையை ஒப்படைத்தனர். இன்று கருவி பெருகியுள்ளது. வேலையையும் குழந்தையின் கையில் ஒப்படைப்பதே எஞ்சியுள்ள கடமை.