ரவுண்ட்ஸ் ஒழுங்காக நடக்க வேண்டுமென்றால்

நோயாளியை மணிக்கொரு தரம் போய்ப் பார்க்காத நர்ஸைச் சோம்பேறி என்று சொல்லிவிடுவது சுலபம். அரசு மருத்துவமனைப் பொது வார்டுகளில் வேலை பார்த்து, பிறகு இன்சார்ஜ் சிஸ்டராக வார்டை நடத்திய நான் கண்டது வேறு. ரவுண்ட்ஸ் நடப்பதும் தவறுவதும் பெரும்பாலும் வார்டு நடக்கும் விதத்தைப் பொறுத்தது.

முதல் காரணம் ஆள் பற்றாக்குறை. பொது வார்டில் 6 நோயாளிக்கு ஒரு செவிலியர் என்பது மத்திய அரசின் பணியாளர் ஆய்வுப் பிரிவு வகுத்த அளவு. நைட் டூட்டியில் ஒரே நர்ஸ் முழு வார்டையும் பார்க்கும்போது, புது அட்மிஷன் ஒன்று வந்தாலே ரவுண்ட்ஸ் நின்றுவிடும். இரண்டாவது, எழுத்து வேலை. கேஸ் ஷீட், இன்டென்ட், ரெஜிஸ்டர் என்று மேசையிலேயே நேரம் போகிறது.

மூன்றாவது, 'அட்டெண்டர்தான் கூட இருக்கிறாரே' என்ற நினைப்பு. அவர் தண்ணீர் கொடுப்பார், பாத்ரூமுக்குக் கூட்டிப்போவார். வென்ஃப்ளான் போட்ட இடம் வீங்கி, தொட்டால் சில்லென்று இருந்தால் டிரிப்ஸ் நரம்பை விட்டு வெளியே இறங்குகிறது என்று அவருக்கு எப்படித் தெரியும்?

இளம் செவிலியர்களுக்கு நான் சொல்வது:

• பி.பி. பார்க்கவோ ஊசி போடவோ போனால், அதையே ரவுண்ட்ஸாக்குங்கள். வலி இருக்கிறதா, பாத்ரூம் போகணுமா, திரும்பிப் படுக்கணுமா, தண்ணீரும் கண்ணாடியும் கைக்கு எட்டுகிறதா என்று கேளுங்கள்.

• "பத்து மணிக்கு மறுபடி வரேன் பாட்டி, தனியா இறங்காதீங்க" என்று சொல்லிவிட்டு நகருங்கள். சொன்ன நேரத்துக்குப் போங்கள். அமெரிக்காவில் 2006-இல் வெளியான ஆய்வொன்றில், மணிக்கொரு தரம் ரவுண்ட்ஸ் நடந்த வார்டுகளில் நோயாளிகள் மணியடித்து அழைப்பதும் கீழே விழுவதும் குறைந்தன.

• கூப்பிடுகிறவரிடம் கால் தானாகப் போகும். அட்டெண்டர் இல்லாதவர், நம் மொழி தெரியாதவர், சத்தமே போடாதவர் ஆகியோரிடமிருந்து தொடங்குங்கள்.

• படுத்த படுக்கையாக இருப்பவரை 2 மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்ப இரண்டு பேர் வேண்டும். யார் கைகொடுப்பது என்பதை டூட்டி தொடங்கும்போதே பேசிவையுங்கள்.

• டூட்டி மாறும்போது ஓவர் கொடுப்பதை நோயாளியின் கட்டிலருகிலேயே வைத்துக்கொள்ளுங்கள். முதல் ரவுண்ட்ஸ் அதிலேயே முடிந்துவிடும்.

நிர்வாகத்தில் இருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். ரவுண்ட்ஸ் தாளில் கையெழுத்து இருக்கிறதா என்று பார்ப்பதற்கு முன், அந்த ஷிஃப்டில் எத்தனை நோயாளிக்கு எத்தனை நர்ஸ் இருந்தார்கள் என்று பாருங்கள். ஆள் கொடுங்கள், ஒரே விவரத்தை மூன்று ரெஜிஸ்டரில் எழுத வைப்பதை நிறுத்துங்கள். கையெழுத்தை மட்டும் கேட்டால் கையெழுத்து மட்டும்தான் கிடைக்கும்.