மருந்து செல்லும் வழி

பாண்டிநாட்டுக் கடற்கரை தொன்றுதொட்டு முத்திற்குப் பெயர்பெற்றது. பண்டு கொற்கையும், பின்னர்த் தூத்துக்குடியும் முத்து வாணிகத்திற்கு நிலைக்களமாய் விளங்கின. மன்னார் வளைகுடாவிலுள்ள சிப்பிப் பார்களில் 1961ஆம் ஆண்டு வரையில் முத்துக்குளிப்பு நடைபெற்றது. அக்காலத்தே குளிப்புத் தொடங்குமுன் ஒரு வழக்கம் கைக்கொள்ளப்பட்டது. முதற்கண் சிலர் மட்டும் மூழ்கி, மாதிரிக்கெனச் சிப்பிகளை எடுத்து வருவர். அவற்றிற் கிடைத்த முத்துக்களை மதிப்பிட்ட பின்னரே, குளிப்பு நடத்தலாமா என்பது முடிவு செய்யப்படும். பயன் உண்டோ இல்லையோ என அறியாது பலரை ஆழ்கடலில் இறக்குதல் அறிவுடைமை ஆகாதன்றோ?

சிறிதளவைச் சோதித்துப் பேரளவை முன்னறியும் இம்முறை, இன்று மருந்துத் துறையிலும் வேறு வடிவிற் கையாளப்படுகின்றது.

நாம் விழுங்கும் மாத்திரை முழுவதும் உடலிற் சேர்ந்துவிடுவதாக எண்ணுகின்றோம். ஆனால், கப்பலில் ஏற்றிய சரக்கெல்லாம் கரைசேர்ந்த சரக்கு ஆகாது. மாத்திரை முதலில் உடைந்து கரைதல் வேண்டும். கரைந்தபின் சிறுகுடலின் சுவரைக் கடத்தல் வேண்டும். கடந்தபின் கல்லீரலை அடைந்து, ஆங்குச் சிதையாது எஞ்சிய பகுதியே உடலெங்கும் ஓடும் குருதியிற் கலக்கும். சிறுகுடலின் வழியே மருந்து செல்லும் நேரமோ ஏறத்தாழ மூன்று முதல் நான்கு மணியே. அதற்குள் கரையாத மருந்தின் பெரும்பகுதி பயன்படாது கழிந்துவிடும்.

அமெரிக்க நாட்டு மிச்சிகன் பல்கலைக்கழகப் பேராசிரியர் கார்டன் அமிடான் முதலியோர், 1995ஆம் ஆண்டில், கரையும் திறன், குடற்சுவரை ஊடுருவும் திறன் என்னும் இரண்டையும் அளவுகோலாகக் கொண்டு மருந்துகளை நான்கு வகுப்புகளாகப் பிரித்தனர். அடுத்த ஆண்டில் அவரும் லாரன்ஸ் யூ என்பாரும் பிறரும் சிறுகுடலை ஏழு பகுதிகளாகக் கொண்டு கணக்கிடும் முறையை வெளியிட்டனர். இதனை அடியாகக் கொண்ட கணிப்பொறி முறைகள், மருந்து ஒவ்வொரு பகுதியையும் கடக்குங்கால் எவ்வளவு கரைந்தது, எவ்வளவு சுவரைக் கடந்தது, எவ்வளவு எஞ்சியது என்பனவற்றைக் கணக்கிட்டுக் காட்டுகின்றன. ஆய்வுக்கூடத்தில் அளந்தறிந்த கரைதிறன், துகளின் பருமன், ஊடுருவுதிறன் ஆகியவையே இக்கணக்கிற்கு மாதிரிச் சிப்பிகள். பயன்தராத மருந்தை மனிதர்க்குக் கொடுத்துப் பார்க்குமுன்னரே விலக்குதற்கு இக்கணக்கு உதவுகின்றது.

ஆயினும், மாதிரியைக் கண்டு செய்த மதிப்பீடு எக்காலும் பிழைபடாது என்று கூறுதல் இயலாது. ஓர் ஆண்டிற் சிப்பி நிறைந்து தோன்றிய பார், மறு சோதனையில் வெறுமையாய்க் கிடந்ததும் உண்டு. மருந்தின் செய்தியும் அத்தகையதே.

காசநோய்க்குரிய ரிபாம்பிசின் என்னும் மருந்தை நோக்குவோம். அஃது எளிதிற் கரைவதன்று. இரைப்பையின் அமிலத்தில் ஐசோனியசிட் என்னும் மற்றொரு மருந்தோடு சேருங்கால் ஒரு பகுதி சிதைவதும் உண்டு. சென்னையில் 1956ஆம் ஆண்டு தொடங்கப்பெற்று, இன்று தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் என வழங்கும் நிலையத்தார், நோயாளரின் குருதியைச் சோதித்து, உணவோடு உட்கொள்ளுங்கால் குருதியிற் சேரும் ரிபாம்பிசினின் அளவு குறைதலை 2017ஆம் ஆண்டில் வெளியிட்டனர். குழந்தைகட்கும், பெரியவர்க்குரிய அளவை எடைக்கேற்பக் குறைத்தால் போதும் என்றே நெடுங்காலம் கருதப்பட்டது. குழந்தைகளின் குருதியை அளந்தபோதுதான் அக்கணக்குப் போதாமை புலனாயிற்று. ஆகவே, உலக நலவாழ்வு நிறுவனம் 2010ஆம் ஆண்டில், அவர்கட்குரிய ரிபாம்பிசின் அளவை ஒரு கிலோ எடைக்கு 10 மில்லிகிராமிலிருந்து 15 மில்லிகிராமாக உயர்த்தியது. குருதியிற் சேரும் மருந்து குறையின் நோய் தீராது. கிருமிகள் மருந்தை எதிர்க்கும் வலிமையையும் பெறக்கூடும்.

ஆதலின், மாணவர்களே! கணிப்பொறி காட்டுவது வழியையே. அவ்வழி மெய்யானதா என்பதற்கு மனித உடலே சான்று. குடலின் நிலையும் உணவும் வயதும் நோயும் ஆளுக்கு ஆள் வேறுபடும். அவ்வேறுபாடுகளை அளந்து சேர்க்குந்தோறும் கணக்குத் திருத்தம் பெறும். மருந்தை இன்ன வேளையில், உணவிற்கு முன் அல்லது பின் உட்கொள்க என மருத்துவர் கூறும் சிறு சொல்லுக்குப் பின்னே இத்துணை ஆராய்ச்சி உண்டு. அச்சொல்லை வழுவாது போற்றுதல் நம் கடமையாகும்.