கூட்டுத் தொழில் கலையும்போது தரவுத்தளம் யாருக்கு?

இரு நிறுவனங்கள் கூட்டாகத் தொழில் நடத்திப் பின்னர் பிரியும்போது, நிலம், இயந்திரம், சரக்கிருப்பு ஆகியவற்றை மதிப்பிட்டுப் பகிர்ந்துகொள்ளலாம். வாடிக்கையாளர் விவரங்கள் அடங்கிய தரவுத்தளம் அத்தகையதன்று. ஒருவர் படியெடுத்துச் சென்றாலும் மற்றவரிடம் அது அப்படியே இருக்கும். அதன் வணிக மதிப்போ குறைந்துவிடும். பூசல் இங்குதான் தொடங்குகிறது.

தரவுத்தளங்களுக்கெனத் தனி உரிமைச் சட்டம் இந்தியாவில் இல்லை. 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம், கணினித் தரவுத்தளத்தை 'இலக்கியப் படைப்பு' என்னும் வகையில் அடக்குகிறது. எனினும், உழைத்துத் திரட்டியது மட்டும் போதாது. தொகுப்பில் ஓரளவேனும் படைப்புத் திறன் வேண்டும் என உச்ச நீதிமன்றம் 2007இல் தீர்ப்பளித்தது. ஆகவே, வெறும் பெயர், முகவரிப் பட்டியலுக்குப் பதிப்புரிமை கிடைப்பது ஐயத்திற்குரியதே.

அடுத்த வினா, தொகுத்தவர் யார் என்பது. ஊழியர் தம் பணியில் உருவாக்கியது, மாறான உடன்பாடு இல்லையேல், 17ஆம் பிரிவின்படி வேலையளித்தவருக்கு உரியது. கூட்டு நிறுவனத்தின் சொந்த ஊழியர் தொகுத்திருப்பின் சிக்கல் குறைவு. பங்காளி நிறுவனம் அனுப்பிவைத்த ஊழியர் தொகுத்திருப்பின், இரு தரப்பும் உரிமை கோர இடமுண்டு. உரிமை மாற்றம் எழுத்து மூலமே செல்லும். காலவரையறை குறிக்கப்படாவிடில் அது 5 ஆண்டுகளுக்கே என 19ஆம் பிரிவு கூறுகிறது.

மூன்றாம் தரப்பும் உண்டு: விவரங்களுக்கு உரிய பொதுமக்கள். ஒப்புதலின்பேரில் பெற்ற விவரம் குறித்த நோக்கத்திற்கே பயன்பட வேண்டும் என்பது 2023இல் இயற்றப்பட்ட தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் நெறி. பங்காளிகள் தமக்குள் உடன்பட்டாலும் இக்கடமை நீங்காது.

எனவே, தரவுத்தளம் யாருக்குரியது, படி எவரிடம் இருக்கும், எவர் அழித்திட வேண்டும் என்பவற்றைக் கூட்டுச் சேரும் நாளிலேயே ஒப்பந்தத்தில் எழுதுதல் இன்றியமையாதது. பிரியும் நாளில் அதற்கான இணக்கம் இருப்பது அரிது.